எருமேட்டுக்கு எத்தனை ஷில்லிங்? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஊர்க்கோர்ட்டுகள்

1750 வாக்கில் மான்செஸ்டரில் நீங்கள் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கசாப்புக்கடைக்காரர் குடலையும் ரத்தத்தையும் தெருச் சாக்கடையில் கொட்டுகிறார். எதிர்வீட்டுக்காரர் குதிரைச் சாணத்தைத் தெருவிலேயே குவித்து வைத்திருக்கிறார். உரமாக யாராவது விலைக்கு வாங்கும்வரை அது அங்கேதான் கிடக்கும். யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? மாநகராட்சி கிடையாது. சீருடை போட்ட போலீஸ் கிடையாது. சுகாதார ஆய்வாளர் என்று ஓர் உத்தியோகம் வருவதற்கு இன்னும் நூறு வருஷம் ஆகும். வளர்ந்துகொண்டிருந்த பெரிய ஊர்தான், ஆனால் அதற்கு நகர சாசனம் கிடைத்ததே 1838இல்.

ஆனாலும் போக ஓர் இடம் இருந்தது. அதன் பெயர் கோர்ட் லீட். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஊர்க்காரர்களே ஜூரியாக உட்கார்ந்து ஊர்க்காரர்களுக்கு அபராதம் போடும் ஒரு கீழ்மட்ட நீதிமன்றம், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ கூடும். மான்செஸ்டரில் ஈஸ்டரை ஒட்டி ஒன்று, செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளை ஒட்டி இன்னொன்று.

இது எங்கிருந்து வந்தது? இடைக்கால இங்கிலாந்தில் நிலம் 'மேனர்' என்ற பண்ணைகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வொரு மேனருக்கும் ஒரு பிரபு. சில பிரபுக்களுக்குத் தங்கள் எல்லைக்குள் சில்லறைக் குற்றங்களை விசாரிக்கும் உரிமையை அரசர் கொடுத்திருந்தார். பண்ணை ஊராகி, ஊர் பெரிய நகரமான பிறகும் அந்த உரிமை அப்படியே ஒட்டிக்கொண்டது. மான்செஸ்டர் மேனரை 1596இல் நிக்கலஸ் மோஸ்லி என்ற வணிகர் விலைக்கு வாங்கினார். அதற்குப் பிறகு இரண்டரை நூற்றாண்டு, அந்த ஊரின் குப்பையை விசாரிக்கும் கோர்ட்டு மோஸ்லி குடும்பத்தின் சொத்து. அபராதப் பணமும் சட்டப்படி பிரபுவுக்கே சேரும். இதை இன்றைய கண்ணோடு பார்த்தால் விசித்திரமாக இருக்கும், அன்று யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

எதையெல்லாம் பொதுத் தொல்லை என்றார்கள் என்பதைப் பார்த்துவிடுவோம். 1760களில் ஆங்கிலச் சட்டம் முழுவதையும் நான்கு தொகுதிகளில் விளக்கி எழுதிய வில்லியம் பிளாக்ஸ்டோன் இதை இரண்டாகப் பிரிக்கிறார். எல்லோருக்கும் தொந்தரவு தரும் ஒன்றைச் செய்வது. பொதுநலத்துக்காகச் செய்தே ஆக வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விடுவது. இரண்டாவதைக் கவனியுங்கள். பல ஊர்களில் தன் வீட்டுக்கு முன்னால் உள்ள தெருவுக்குக் கல் பாவுவதும் அதைக் கூட்டிச் சுத்தமாக வைப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டை ஒட்டிய சாக்கடையை அள்ளிவிடுவதும் அவர் வேலைதான். சும்மா இருந்தால்கூட அபராதம் வரும்.

இந்த வகைப்பிரிப்பு நமக்கும் பழக்கமானதுதான். 1860இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 268ஆம் பிரிவு, செயல், சட்டவிரோதமான செயலின்மை என்ற இந்த இரண்டையும் சேர்த்தே பொதுத் தொல்லையை வரையறுத்தது. ஆங்கிலப் பொதுச்சட்டத்திலிருந்து வந்த வரையறை அது. அதற்கான தண்டனை 290ஆம் பிரிவில் 200 ரூபாய் வரை அபராதம். 1860இல் கனமாக இருந்த அந்த 200 ரூபாய், 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்து 1,000 ஆக்கும்வரை அப்படியே இருந்தது.

அடுத்து ஒரு நுணுக்கம். உங்கள் ஒருவர் வீட்டு ஜன்னலை மட்டும் மறைக்கிற சுவர் தனியார் தொல்லை. அதற்கு நீங்கள் உரிமையியல் வழக்குப் போடலாம். நடுரோட்டில் வெட்டிய பள்ளம் பொதுத் தொல்லை. அதற்கு அப்படித் தனித்தனியாக வழக்குப் போட முடியாது. போகிற வருகிற எல்லோருமே பாதிக்கப்பட்டவர்கள். ஆளுக்கொரு வழக்குப் போட்டால் பள்ளம் வெட்டியவர் கதி என்ன, கோர்ட்டின் கதி என்ன? ஆகவே அரசர் பெயரால், ஊர் சார்பில், ஒரே ஒரு குற்றச்சாட்டு. அந்தப் பள்ளத்தில் உங்கள் குதிரை விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் கதை வேறு. மற்றவர்களுக்கு இல்லாத தனி நஷ்டம் உங்களுக்கு வந்துவிட்டதால் அப்போது நீங்களும் வழக்குப் போடலாம். இன்னொரு வழியும் சட்டத்தில் இருந்தது. பொதுப் பாதையின் குறுக்கே ஒருவன் புதிதாகக் கதவு போட்டு அடைத்தால், அந்த வழியே போகிற யார் வேண்டுமானாலும் அதை வெட்டித் தள்ளிவிட்டுப் போகலாம், கலவரம் செய்யாத வரைக்கும்.

சரி, கோர்ட்டு கூடும் நாளுக்கு வருவோம். கட்டடம் பெரிதாக ஒன்றும் இருக்காது. சந்தை மண்டபத்திலோ சத்திரத்திலோ கூட நடக்கும். பிரபு வரமாட்டார். அவருடைய காரியஸ்தர் தலைமையில் உட்காருவார். 18ஆம் நூற்றாண்டில் அவர் பெரும்பாலும் ஒரு வக்கீல். குறைந்தது 12 பேர் கொண்ட ஜூரி சத்தியப் பிரமாணம் எடுக்கும். இந்த ஜூரியை நாம் பழைய சினிமாவில் பார்க்கிற ஜூரியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இரண்டு வக்கீல்கள் வாதாடுவதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரி. லீட் ஜூரியில் இருப்பவர்களுக்கு ஊர் விஷயம் ஏற்கனவே தெரியும். அவர்களே தெருத் தெருவாகப் போய்ப் பார்ப்பார்கள், கான்ஸ்டபிள்களும் மற்ற ஊர் ஊழியர்களும் சொல்வதைக் கேட்பார்கள், பிறகு இன்னார் இன்ன தொல்லை செய்தார் என்று எழுதிக் கொடுப்பார்கள். குற்றச்சாட்டு வைப்பதும் அவர்கள்தான், குற்றம் நிரூபணமானது என்று முடிவுகட்டுவதும் அவர்கள்தான்.

திருட்டு, கொலை மாதிரிப் பெரிய குற்றங்கள் மேல் கோர்ட்டுகளுக்குப் போய்விடும். லீட் கோர்ட்டு சாதாரணமாக யாரையும் சிறைக்கு அனுப்பாது. அதன் கையில் இருந்த ஆயுதம் அபராதம். கட்டாதவர் வீட்டிலிருந்து பாத்திரம் பண்டத்தை ஜப்தி செய்யலாம்.

அந்த அபராதம் இரண்டு விதமாக வந்தது. முதல் விதம் எளிது: செய்த தப்புக்கு உடனே தொகை. பன்றியை அவிழ்த்துவிட்டாயா, வாய்ப்பூட்டு இல்லாமல் மாஸ்டிஃப் நாயைத் தெருவில் விட்டாயா, எடைக்கல்லில் கள்ளத்தனம் செய்தாயா, இந்தா அபராதம். இரண்டாவது விதம்தான் இந்தக் கோர்ட்டின் மூளை. அது நிபந்தனை அபராதம். ஜூரி இப்படி எழுதும்: இன்னார் தன் வீட்டு முன்னால் உள்ள எருமேட்டை ஜூன் 24க்குள் அகற்ற வேண்டும், தவறினால் பத்து ஷில்லிங் கட்ட வேண்டும். அன்றைக்குப் பணம் எதுவும் கை மாறாது. சொன்ன தேதிக்குள் எரு போய்விட்டால் விவகாரம் அத்தோடு முடிந்தது. கிடந்த இடத்திலேயே கிடந்தால் அடுத்த கூட்டத்தில் அந்தத் தொகை கடனாக அவர் தலையில் ஏறும். அப்புறம் புதிய தேதி, கூடுதல் தொகை.

பத்து ஷில்லிங் என்பது எவ்வளவு? 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் நாள் சம்பளம் ஏறக்குறைய ஒரு ஷில்லிங். ஆக, பத்து நாள் கூலி. ஒரு வண்டிக்காரரைக் கூப்பிட்டு எருவை அள்ளிப் போகச் சொல்வது அதைவிட மலிவு. கணக்குப் போட்டுப் பார்க்கிறவன் எருவை எடுத்துவிடுவான். அந்தக் கோர்ட்டுக்கு வேண்டியதும் அதுதான். மனிதனைத் திருத்துவதோ அவமானப்படுத்துவதோ அதன் நோக்கமாக எனக்குத் தெரியவில்லை. தெருவில் கிடப்பது போக வேண்டும், அவ்வளவே.

'இன்ன தேதிக்குள் எடு, இல்லையேல் வந்து காரணம் சொல்' என்ற இந்த வடிவம் இந்திய மாஜிஸ்திரேட்டுகள் பிறப்பிக்கும் நிபந்தனை உத்தரவிலும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 152. இன்னும் சுவையான செய்தி, 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அப்படி உத்தரவு வாங்கியவர், அது நியாயமா என்று பார்க்க ஒரு ஜூரியை நியமிக்கும்படியே கேட்கலாம்.

ஜூரி போட்ட தொகை அதிகம் என்றால்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. அபராதத்தை நியாயமான அளவுக்குக் குறைத்து எழுத ஊர்க்காரர்களிலேயே சிலரை நியமிப்பார்கள். இதன் வேர் 1215இன் மாக்னா கார்ட்டாவில் இருக்கிறது. அபராதம் குற்றத்தின் அளவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும், அதை அக்கம்பக்கத்து நாணயமான மனிதர்கள் சத்தியம் செய்து நிர்ணயிக்க வேண்டும், ஒருவரின் பிழைப்பையே பறிப்பதாக இருக்கக் கூடாது என்று அந்தச் சாசனம் சொல்கிறது.

இந்த அமைப்பில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு நல்ல சாட்சி, நம் காலகட்டத்துக்கு இருநூறு ஆண்டு முந்தையவர்தான் என்றாலும், ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த கையுறை வியாபாரி ஜான் ஷேக்ஸ்பியர். ஆமாம், நாடகாசிரியரின் அப்பா. 1552இல் ஹென்லி தெருவில் எரு குவித்ததற்காக அவருக்கு ஒரு ஷில்லிங் அபராதம் விழுந்தது. 1556இல் அவரே ஊரின் ஏல் மதுவைச் சுவைத்துத் தரம் பார்க்கும் அதிகாரி. 1558இல் கான்ஸ்டபிள்; அதே ஆண்டு சாக்கடையைச் சுத்தமாக வைக்காததற்கு மறுபடி நாலு பென்ஸ் அபராதம். 1559இல் அபராத அளவை நிர்ணயிக்கும் குழுவில் ஓர் உறுப்பினர். 18ஆம் நூற்றாண்டிலும் ஜூரியில் உட்கார்ந்தவர்களின் பெயர்களே அபராதப் பட்டியலிலும் வரும். இதை ஊழல் என்று சொல்லிவிட முடியாது. இன்றைக்கு நான் உனக்குப் போடுகிறேன், வருகிற ஈஸ்டருக்கு நீ எனக்குப் போடுவாய் என்று தெரிந்தவர்கள் தொகையைக் கண்மூடித்தனமாக ஏற்றமாட்டார்கள்.

ஊழியர்கள் என்றேனே, அந்தப் பட்டியல் சுவாரஸ்யமானது. ஏல் சுவைப்பவர், ரொட்டி எடை பார்ப்பவர், கெட்ட இறைச்சியும் மீனும் விற்பனைக்கு வருகிறதா என்று சந்தையைச் சுற்றுபவர், தோலைச் சோதித்து முத்திரை குத்துபவர், தெருக் குப்பையைக் கண்காணிப்பவர், நாய்களுக்கு வாய்ப்பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பவர். அலைகிற பன்றியையும் மாட்டையும் பிடித்துக் கொண்டித்தொழுவத்தில் அடைப்பதற்கு ஓர் ஆள் தனியாக உண்டு. மீட்க வேண்டுமானால் உரிமையாளர் பணம் கட்ட வேண்டும். இவர்கள் எல்லோரையும் ஜூரிதான் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, மறுக்கவும் முடியாது. மறுத்தால் அதற்கும் அபராதம். கடையை விட்டுவிட்டு வருஷம் முழுக்கப் பக்கத்து வீட்டு நாயின் வாயைப் பார்த்துக்கொண்டு திரிய யாருக்குப் பிடிக்கும்? வசதியுள்ளவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு நழுவினார்கள், இல்லையென்றால் கூலிக்கு ஒரு பதிலாளை வைத்தார்கள்.

பழைய ஊர் விதிகளில் நமக்குத் தலைகீழாகத் தோன்றும் ஒன்றும் உண்டு. காளையை நாய்களை ஏவிக் கடிக்கவிடாமல் அறுத்து விற்ற கசாப்புக்காரருக்குப் பல ஊர்களில் அபராதம். அப்படிக் கடிபட்ட மாட்டின் இறைச்சிதான் மிருதுவாகவும் உடம்புக்குக் கெடுதல் செய்யாமலும் இருக்கும் என்று நம்பினார்கள். அதே காளைச் சண்டையை 1835இல் நாடாளுமன்றம் தடை செய்தது.

இதுவரை பார்த்ததில் அவமானம் எதுவும் இல்லை என்றேன். ஆனால் மனிதர்களையே தொல்லையாக எண்ணிய இடத்தில் அது வந்துவிடுகிறது. பிளாக்ஸ்டோனின் பொதுத் தொல்லைப் பட்டியலில் துர்நாற்றத் தொழில்கள், சூதாட்ட விடுதிகள், ஒழுங்கற்ற சத்திரங்கள் எல்லாம் வந்த பிறகு, கடைசியில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர், சுவரோரமும் இறவாரத்தின் கீழும் நின்று அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டுக் கதை கட்டுபவர். அவரை லீட் கோர்ட்டில் நிறுத்தலாம். அபராதம், கூடவே நன்னடத்தைக்கு ஜாமீன். இன்னொருவர், ஓயாமல் சண்டை போட்டு அக்கம்பக்கத்தின் நிம்மதியைக் கெடுக்கும் பெண். பெண் மட்டும்தான். இந்தக் குற்றத்தின் லத்தீன் பெயரே பெண்பால் என்று பிளாக்ஸ்டோன் ஒரு மாதிரி நக்கலாகவே எழுதுகிறார். தண்டனை, நீண்ட கழியின் நுனியில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்துக் குளத்திலோ ஆற்றிலோ முக்கி எடுப்பது. வாய்ச்சண்டை போடும் ஆண்களுக்கு இப்படி ஒரு நாற்காலி செய்யப்படவில்லை.

18ஆம் நூற்றாண்டில் இந்தத் தண்டனை அருகிவிட்டது. கடைசியாக அறியப்பட்ட நிகழ்வு ஹியர்ஃபோர்டுஷயரின் லெம்ஸ்டர் நகரத்தில், 1809இல். 1817இல் அதே ஊரில் இன்னொரு பெண்ணை நாற்காலியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள்; தண்ணீர் மட்டம் குறைவாக இருந்ததால் முக்க முடியவில்லை. அந்த நாற்காலி இன்றும் அங்குள்ள தேவாலயத்தில் இருக்கிறது. தொழுமரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். குடித்துவிட்டு ரகளை செய்தவன், அபராதம் கட்ட வக்கில்லாதவன் போன்றோரின் காலை மரத்துளையில் மாட்டி நடுத்தெருவில் உட்காரவைப்பார்கள். ஊரில் தொழுமரம் இல்லையென்றால் அந்த ஊரின் மேலேயே குற்றச்சாட்டு வரும்.

லீட் கோர்ட்டின் கைக்கு அடங்காதவற்றுக்கு மேலே காலாண்டு செஷன்ஸ் கோர்ட்டு இருந்தது. சம்பளமில்லாத மாஜிஸ்திரேட்டுகள், பெரும்பாலும் நிலக்கிழார்கள், வருஷத்துக்கு நாலு முறை கூடுவார்கள். பழுதான சாலை, இடிந்த பாலம், விபசார விடுதி மாதிரியானவை அங்கே போகும். சாலையைச் செப்பனிடாத குற்றத்துக்கு அந்தப் பகுதி மக்கள் மொத்தமாகவே குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள், காகிதத்தில்தான்.

அதற்கும் மேலே லண்டனில் அரசரின் உயர் நீதிமன்றம். 1757இல் அங்கே ஒரு நல்ல வழக்கு வந்தது. தேம்ஸ் கரையில் ட்விக்கன்ஹாமில் வைட், வார்டு என்ற இருவர் கந்தகத்திலிருந்து அமிலம் காய்ச்சினார்கள். வார்டு என்பவர் தன் மாத்திரைகளாலும் சொட்டு மருந்தாலும் பேர்பெற்ற போலி வைத்தியர் ஜோஷுவா வார்டு. புகை நாற்றம் அக்கம்பக்கத்து வீடுகளையும் சாலையில் போகிறவர்களையும் வாட்டியது. நாற்றம் உடம்பைக் கெடுக்கிறதா என்பதைச் சுற்றியே பேச்சு. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, உடம்பைக் கெடுக்க வேண்டிய அவசியமே இல்லை, வாழ்க்கையையும் சொத்தையும் நிம்மதியாக அனுபவிக்க முடியாமல் செய்தாலே அது தொல்லைதான் என்றார். கெடுதலை நிரூபி என்ற சுமையைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையிலிருந்து இறக்கிவைத்த தீர்ப்பு இது. 18ஆம் நூற்றாண்டைத் தாண்டி 1812இல் வந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. லண்டன் சாரிங் கிராஸில் பயணிகள் வண்டி ஒன்று முக்கால் மணி நேரம் தெருவில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அரசரின் நெடுஞ்சாலையை யாரும் குதிரை லாயமாக்க முடியாது என்றார் நீதிபதி எல்லன்பரோ பிரபு. நம் ஊர்ப் பேருந்து நிலைய வாசல்களில் எழுதி மாட்டலாம்.

பெரிய கோர்ட்டுகளில் இப்படிப் பளிச்சென்ற தீர்ப்புகள் வந்துகொண்டிருந்தபோது, கீழே லீட் கோர்ட்டுகள் திணறிக்கொண்டிருந்தன. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊருக்காக உண்டான ஏற்பாடு அது. 1773 வாக்கில் மான்செஸ்டரில் சுமார் 22,000 பேர். 1801இல் சுமார் 70,000. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் பன்னிரண்டு பேருக்கு எந்தச் சந்தில் யார் எருவைக் கொட்டினார் என்று எப்படித் தெரியும்? வாடகைக்கு வந்து மூன்று மாதத்தில் போய்விட்டவனிடம் யார் வசூலிப்பது? பணக்கார ஆலைக்காரருக்குப் பத்து ஷில்லிங் ஒரு பொருட்டா? ஆண்டுதோறும் கட்டிவிட்டு அதே தொல்லையைத் தொடர்ந்தவர்களுக்கு அபராதம் ஏறக்குறைய ஓர் உரிமக் கட்டணம் ஆகிவிட்டது. எல்லாவற்றையும்விட அடிப்படையான குறை, இந்தக் கோர்ட்டு 'கொட்டாதே', 'எடு' என்று சொல்லுமே தவிர, தானே ஒரு வண்டி வாங்கி எடுக்காது. வரி போடும் அதிகாரம் அதற்கு இல்லை.

ஆகவே ஊர்கள் ஒவ்வொன்றாக நாடாளுமன்றத்துக்குப் போய்த் தங்களுக்கென்று தனிச் சட்டம் வாங்கின. வரி வசூலித்து விளக்குப் போட, குப்பை அள்ள, இரவுக் காவல் வைக்க ஆணையர்கள். பர்மிங்ஹாமுக்கு 1769இல் வந்தது, மான்செஸ்டருக்கும் சால்ஃபோர்டுக்கும் சேர்த்து 1792இல் வந்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் மட்டும் 1756இல் ஒரு சட்டம் ஜூரிமுறைக்கே புத்துயிர் கொடுத்துப் பார்த்தது. தொல்லைகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே அங்கே தனி ஜூரிகள் சுற்றின. பழைய கோர்ட்டை யாரும் ஒழிக்கவில்லை. இரண்டும் அருகருகே ஓடின, சில சமயம் இரண்டிலும் ஒரே ஆட்களே உட்கார்ந்தார்கள். புதிய நகராட்சி வந்த பிறகும் மோஸ்லி குடும்பம் மேனர் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை. மான்செஸ்டர் நகராட்சி 1846இல் 2,00,000 பவுண்டு கொடுத்துத்தான் அவற்றை வாங்கியது. அந்த விலையில் பெரும்பங்கு சந்தை வருமானத்துக்கு, எருமேட்டு அபராதத்துக்கு அல்ல.

1977இல் ஒரு சட்டம் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த லீட் கோர்ட்டுகளின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. சில ஊர்களில் அவை சடங்காகத் தொடர்கின்றன. டோர்செட்டின் வேரம் நகரில் நவம்பரில் ஏல் சுவைப்பவர்களும் ரொட்டி எடை பார்ப்பவர்களும் வேஷம் போட்டுக்கொண்டு மதுக்கடை மதுக்கடையாகப் போகிறார்கள். நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன் கிராமம் விதிவிலக்கு. அங்கே வரப்புச் சுவரில்லாத பழைய திறந்தவெளி விவசாயம் இன்னும் நடக்கிறது. அதனால் கோர்ட்டும் நிஜமாகவே நடக்கிறது. நவம்பர் கடைசியில் ஜூரி வயலைச் சுற்றிப் பார்க்கும், பொதுப் பாதையை ஒட்டிய புல்வெளிக்குள் ஏர் ஓட்டிவிட்டவர் யார் என்று குறித்துக்கொள்ளும், அடுத்த வாரம் அபராதம் போடும்.